பத்தேகால் மணிக் கோட்டு

நூலகக் கண்காணிப்பாளரின் சாம்பல் நிறக் கோட்டு முதன்முதலில் பாடியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, வாசிப்பறையில், முப்பத்தெட்டுப் பேர் முன்னிலையில். அவர் அப்போது அதை அணிந்திருந்தார். வாய் மூடியிருந்தது. கை, இரவல் போகும் புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தது. பாட்டு மட்டும் இடது மார்புப் பையிலிருந்து கணீரென்று வந்தது. இருபத்தாறு வருடங்களாக அந்த அறையில் இருமியவனைக்கூட உதட்டில் ஒரு விரலை வைத்தே அடக்கியவர் அவர். ஊரில் அவருக்கு உஷ் சார் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் பழக்கதோஷத்தில் குனிந்து தன் மார்பைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்றார். கோட்டு மதிக்கவேயில்லை. பன்னிரண்டு வரியையும் பாடி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை வரி போதும். அது அவருடைய பையன் கடகடவின் குரல். பேச்சு வந்த நாளிலிருந்தே மூச்சு விடாமல் பேசுகிறவன் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. பின்னால் மேடைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. முந்தைய வருடம்தான் அவன் கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, நடுக்கூடத்தில் நின்று, ராப் பாடப்போகிறேன் என்று அறிவித்திருந்தான். உஷ் சார் கத்தவில்லை, கத்துவது அவருக்கு வராது. "இந்த வீட்டுல அந்தச் சத்தம் என் காதுல விழக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இரண்டு அறை வீட்டில், ஒரே சோபாவின் இரு முனையில் உட்கார்ந்துகொண்டு, "உன் பையன்கிட்ட சொல்லு, குழாயை இறுக்கி மூடச் சொல்லு" என்பார் அவர். "அப்பாகிட்ட சொல்லும்மா, வாஷர் போயிடுச்சு, நான் என்ன பண்றது" என்பான் அவன். நடுவில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் அம்மா, "நான் என்ன தபாலாபீஸா?" என்று ஊசியை நீட்டுவாள். ஆனாலும் இரண்டு பக்கமும் பட்டுவாடா செய்துகொண்டுதான் இருந்தாள், பாவம்.

அப்பாவின் உத்தரவை அவன் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சத்தம் யார் காதிலும் விழாத ஒரே இடம் அந்த வீட்டில் அம்மாவின் கல்யாண அலமாரிதான். வாசல் வழியாக நுழையாமல், ஜன்னல் கம்பியைக் கழற்றி மூன்றாம் மாடிக்குக் கயிறு கட்டித் தூக்கிய பெருத்த தேக்கு அலமாரி அது. விடியற்காலை ஆறிலிருந்து மதியம் வரை அவன் ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பான். சாயங்காலம் எல்லாரும் வந்து துணியை மாட்டிய பிறகு அலமாரிக்குள் நுழைவான். கீழ்த்தட்டில் செருப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, துணிக் கம்பியிலிருந்து ஷூ லேஸில் மைக்கைத் தொங்கவிட்டு, மைக்குக்குப் பழைய காலுறை ஒன்றை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வான். காகிதத்தில் எழுதிவைத்துப் பாடுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. மனதில் வருவதை அப்படியே கொட்டுவான், கொட்டியதும் மறந்துவிடுவான். தொங்கும் துணி எதிரொலியைத் தின்றுவிடும் என்பது ஸ்டூடியோ இல்லாத எல்லா ராப் பாடகர்களுக்கும் தெரியும். தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

எட்டு மாதம் தின்ற பிறகு துணிகளுக்கு நிறைந்துவிட்டது. கொஞ்சம் சூடு பட்டால் போதும், உள்ளே இருந்தது வெளியே வந்தது. ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் வேலையிலிருந்த கடகடவின் அக்காவின் சீருடைச் சட்டை, பார்சல் லாரி ஓட்டுநர்களைப் பற்றிய பாட்டைப் பாடியது. கத்தித் தீர்க்க அழைத்தவர்கள் கோபத்தை மறந்து, "அந்தப் பின்னாடி ஓடுற பாட்டு முடியட்டும்மா, அப்புறம் பேசுறேன்" என்றார்கள். தையற்கடையில் வேலை பார்த்த அம்மாவின் ஊதா ஸ்வெட்டர், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் போனாலே வாடகை வீடு தேடும் பாட்டைத் தொடங்கிவிடும். கட்டில் விரிப்பு ஒன்று தூங்குகிறவரின் உடம்புச் சூட்டில் முணுமுணுத்து அக்காவை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அந்தக் காலத்தில் கடகட இணையத்தில் ஏற்றிய முதல் பாட்டை மொத்தம் பத்தொன்பது முறை கேட்டிருந்தார்கள். அதில் பதினான்கு அக்கா. மீதி ஐந்து, கைதவறிப் பட்டதாக இருக்கும். ஆனால் அதே மாதம் பேருந்து நிறுத்தத்தில் முகம் தெரியாத ஒரு பெண் அவன் பாட்டை வாய்க்குள் பாடியபடி குடையை மடக்கினாள். அவன் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, பார்சலோடு அப்படியே நின்றான். பின்னாளில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடிய அரங்குகளையெல்லாம் பார்த்துவிட்டான். அந்தக் குடைக்காரிக்கு ஈடாகாது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறான்.

உஷ் சாரின் மேஜைமேல் ஜன்னல் வெயில் விழும் நேரம் பத்தேகால். அடுத்த இரண்டு நாள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் பார்த்தார். கோட்டு வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கேட்டால் முதுகுவலி என்றார். வாசிக்க வந்தவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் ஒன்பதரைக்கே வந்து இடம் பிடித்தார். எல்லாரும் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல், கேட்காத மாதிரி கேட்டார்கள். பாட்டுக்குத் தாளம் முத்திரைச் சத்தம்தான். பள்ளி விடுமுறை நாட்களில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உஷ் சார் பையனைக் கூட்டிவந்து அந்த மேஜைக்கு அடியில்தான் உட்காரவைப்பார். அவன் அங்கே கிரேயானால் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பான். அதை அவரே மறந்துவிட்டிருந்தார். கோட்டு நினைவுபடுத்தியது:

மேஜைக்கு அடியில நான், வயசு அஞ்சு,
மேல டக்கு டக்குனு முத்திரை, கீழ துடிக்குது நெஞ்சு,
ஊரையே உஷ்ஷுன்னு அடக்குன ஒத்த விரலு,
அதுக்குக் கீழதான் மொளச்சுது என் குரலு.

கடைசி இரண்டு வரி வரும்போது மட்டும் உஷ் சார் முத்திரையை ஓங்கி ஓங்கிக் குத்துவார். அந்த வரிகள் பக்கத்து மேஜைக்குப் போய்விடக் கூடாது. அவை தனக்கு வந்த கடிதம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பதினொரு மாத வீம்பை யார் முதலில் இறக்கிவைப்பது? மழை நாளும் விடுமுறையும் போக எண்பத்திரண்டு நாள் அந்தப் பாட்டைக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டிவிட்டு, "உன் பையன்கிட்ட சொல்லு, வாசல்ல ஸ்கூட்டரை ஓரமா நிறுத்தச் சொல்லு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வானொலி நிலையத்திலிருந்து கடகடவுக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம், கம்பெனி எதுவும் இல்லாமல் சொந்தமாகப் பாடுகிறவர்களுக்கான நிகழ்ச்சி. இதுவரை எங்கும் வெளிவராத ஏழு பாட்டு வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அவனிடம் அப்படிச் சரியாக ஏழு பாட்டு இருந்தது. அதே வாரம் தலைமை நூலகர் உஷ் சாரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றார். "கோட்டு நல்லாத்தான் பாடுது, எனக்கும் பிடிக்கும். ஆனா அவங்க முன்னாடி வேண்டாம் சார். ஒரு தடவை வெளுக்கப் போடுங்களேன்." இருபத்தாறு வருடத்தில் மேலதிகாரி சொன்னதை ஒருமுறைகூடத் தட்டாதவர் அவர். புதன்கிழமை காலை தானே கொண்டுபோய்ச் சலவைக் கடையில் கொடுத்தார். அன்று பத்தேகாலுக்கு வெயில் வெறும் சட்டைமேல் விழுந்தது. முப்பத்தெட்டுப் பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு புத்தகத்தில் தேதியைத் தலைகீழாகக் குத்தினார்.

அன்று மதியம் கடகடவின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. மூன்றாம் கை மாறி வந்த சாமான். கொஞ்சம் புகைந்தது, பிறகு அணைந்தது. இத்தனை மாத உழைப்பும் அதற்குள் இருந்தது, வேறு எங்கும் பிரதி எடுத்துவைக்கவில்லை. இந்தத் தப்பை அந்தக் காலத்தில் செய்யாத ராப் பாடகன் கிடையாது. அவன் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். வேலை முடிந்து வந்த அக்காதான் கதவைப் பிடுங்கித் திறந்தாள். "டேய் மக்கு, நீ உக்காந்து அழுறியே, உன் தலைக்கு மேல தொங்குறது என்னடா?" என்றாள். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இருவரும் கம்பியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டார்கள். ஆறு பாட்டுக்கு ஆறு துணி இருந்தது. "அப்பா கோட்டு எங்கம்மா?" என்று கேட்டான். கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த உஷ் சார், செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து ஓடினார்.

அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததேயில்லை. வழிவிட்டவர்கள் தீ விபத்து என்றே நினைத்தார்கள். சலவைக்காரர் கோட்டை அப்போதுதான் தேய்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "முடிஞ்சிடுச்சு சார். இன்னிக்கே வேணும்னுதானே சொன்னீங்க? ஒண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க, தண்ணியில போட்டதும் ஏதோ பேசிச்சு. நுரையெல்லாம் தாளத்துக்குப் பொங்குது. அப்புறம் பாருங்க, சொய்ங்குனு சாக்கடையில இறங்கிப் போயிடுச்சு." அந்தத் தெருச் சாக்கடை இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை எல்லாரும் கேட்டார்கள், ஒரு சொல்கூடப் புரியவில்லை. உஷ் சார் கோட்டை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இஸ்திரிச் சூடு இன்னும் இருந்தது. கோட்டு வாயே திறக்கவில்லை. என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் மொட்டைமாடிக் கொடியில் ஆறு துணிகளையும் காயப்போட்டு, அக்கா அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிவந்த ஒலிப்பதிவுக் கருவியில் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். காற்றில் ஆடினால் குரல் நடுங்கியதால் அம்மா ஒவ்வொரு துணிக்கும் ஆறேழு கிளிப் போட்டாள். கட்டில் விரிப்பு முடியும்போது மணி மூன்று. "ஆறு பாட்டையே அனுப்பிடுறேன்கா. அது போனது போனதுதான், அது எனக்கே ஞாபகம் இல்ல" என்றான் கடகட. படியேறி வந்த உஷ் சார் கதவோரம் நின்றிருந்தார். வெளுத்த கோட்டைப் போட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எடுக்காத அரை நாள் விடுப்பை அன்று எடுத்திருந்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

பதினொரு மாதத்தில் நேராக வந்த முதல் வார்த்தை. அம்மா வாயிலிருந்த கிளிப்பை எடுக்க மறந்துவிட்டாள். பாட வேண்டுமென்றால் பாடுகிறேன், ஆனால் மொட்டைமாடியில் நாலு பேர் பார்க்க என்னால் ஆகாது என்றும் அவர் சொன்னார். ஆக, ஆறடி உயரத்தை மூன்றாக மடித்துக்கொண்டு, உஷ் சார் அந்த அலமாரிக்குள் செருப்புப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பையன் மைக்கை அவர் வாய்க்கு நேராக இறக்கிக் கட்டினான், காலுறையைச் சரிசெய்தான், கதவைச் சாத்திவிட்டு வெளியே தரையில் உட்கார்ந்து அதன்மேல் முதுகைச் சாய்த்தான். உள்ளே முதலில் கனைப்புச் சத்தம். பிறகு உறுப்பினர் பட்டியல் படிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல், ஆனால் ஒரு இடத்தில்கூடத் தாளம் தப்பாமல், முத்திரை குத்துவதுபோல் முழங்காலில் கையைக் குத்திக்கொண்டே பாடினார். மேஜை, முத்திரை, கிரேயான், எல்லாம் வந்தது. எண்பத்திரண்டு நாள் யாருக்கும் கேட்கவிடாமல் மறைத்த கடைசி இரண்டு வரியும் வந்தது:

சாப்பிட்டியான்னு நீங்க கேட்டு மாசம் ஆச்சு மூணு,
நீங்க சாப்பிட்டீங்களாப்பா? சொல்லுங்க வார்த்தை ஒண்ணு.

அதற்குப் பிறகு பதிவில் ஏழு விநாடி ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் அந்த ஏழு விநாடியை வெட்டச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார்கள், கடகட அசையவில்லை. எட்டாவது விநாடியில் அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறது. உஷ் சாரின் வேறு குரலில், "இன்னும் இல்லடா. வா" என்று கேட்கிறது.

அவர்கள் சாப்பிடப் போனார்கள். கருவியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டுப் பார்த்தால் தட்டு எடுக்கும் சத்தமும், குழாய் வாஷரைப் பற்றி அப்பனும் பிள்ளையும் நேருக்கு நேராகப் போட்ட வாக்குவாதமும், "அப்பாடா, தபாலாபீஸ் மூடியாச்சு" என்று அம்மா சொல்வதும் தூரத்தில் இருக்கிறது. ஏழு பாட்டும் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது, ஞாயிறு மதியம் ஒலிபரப்பானது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை.

திங்கட்கிழமை ஆய்வுக்குழு வாசிப்பறைக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். வெயில் மேஜைக்கு வந்தது, கோட்டு பாடத் தொடங்கியது, இந்த முறை, வியாழக்கிழமை அலமாரிக்குள் தின்ற உஷ் சாரின் சொந்தக் குரலிலேயே. குழுத் தலைவர் திரும்பி என்னவோ கேட்க வாயெடுத்தார். வாசித்துக்கொண்டிருந்த முப்பத்தெட்டுப் பேரும், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, ஆளுக்கொரு விரலை உதட்டில் வைத்தார்கள். தலைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.