கீபோர்டுக்குள் போன மூச்சு

அப்பா காவல்துறை பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவர். வீட்டில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மகனுக்குத்தான். மகள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே காதால் பாடம் படித்தாள். அண்ணன் வேண்டாவெறுப்பாக ஊதிவிட்டு வெளியே ஓடியதும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் எடுத்து ஊதுவாள். பல் பட்டு உள்ளுதடு புண்ணாகும். "தெரியாம கடிச்சுக்கிட்டேன்" என்று அம்மாவிடம் புளுகுவாள்.

பதினாறு வயதில் பிடிபட்டாள். அப்பா அடிக்கவில்லை. "ஆசைக்கு ஊதிக்கோ. அண்ணன் சாதகம் மட்டும் கெடக் கூடாது" என்றார். அந்த அண்ணன் இரண்டே வருஷத்தில் சாக்ஸபோனைத் தலைமுழுகிவிட்டு கீபோர்டுக்குத் தாவினான்.

அவள் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஏறி இறங்கி இடம் பிடித்தாள். ஒரே மூச்சில் அவள் இழுக்கும் இழுப்பைப் பார்த்து வாத்தியக்காரர்கள் 'பெருமூச்சு' என்று பட்டம் கட்டினார்கள். பன்னிரண்டு வருஷம், அவளைக் கூப்பிடாமல் ஒரு சோகப் பாட்டு முடிந்ததில்லை.

ஒருநாள் அண்ணன் வந்தான்.

"ஒவ்வொரு சுரமா ஊதிக் குடும்மா. மெதுவா ஒண்ணு, ஓங்கி ஒண்ணு. கீபோர்டுல ஏத்திக்கிறேன், கட்டைய அமுக்கினா நீ ஊதினதே கேக்கும். சும்மா வீட்ல வச்சுப் பழகத்தான்."

கூடப்பிறந்தவன் ஆயிற்றே. கன்னம் மரத்துப்போக நாலு நாள் ஊதினாள்.

அப்புறம் அழைப்புகள் குறைந்தன, ஒருகட்டத்தில் நின்றேவிட்டன. வழக்கமாகக் கூப்பிடும் இசையமைப்பாளரையே போய்க் கேட்டாள். அவர் விழித்தார்.

"உங்க அண்ணன் வந்து ஒரு மணி நேரத்துல வாசிச்சுட்டுப் போயிடறாரே. நீங்களே மனசார குடுத்ததாச் சொன்னாரேம்மா."

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். கைகால் விழுந்த அப்பா அங்கேதான் இருந்தார். ரேடியோவில் புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டியா? என்னமோ கீபோர்டுன்னு திரிஞ்சான். கடைசியில என் ரத்தம் பேசிடுச்சு பாரு."

"அண்ணா, நீயே சொல்லிடு."

அண்ணன் ரேடியோவை நிறுத்தினான். "அவருக்கு உடம்பு முடியல. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"அப்பா, அது நான் ஊதினது."

அப்பா முகம் சுருங்கியது. "நீயும் நல்லாத்தான் ஊதுவே. அதுக்காக அவனுக்கு வர்ற பேரைத் தட்டிப் பறிக்கலாமா? தப்பும்மா."

அந்த வருஷக் கடைசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். நினைவுக் கூட்டத்தில் அண்ணன் கீபோர்டில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சாக்ஸபோன் ஒலியில் வாசித்தான். எந்தச் சுரத்துக்குத் தான் எப்படி மூச்சு எடுத்தோம் என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. முன்வரிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்:

"அப்படியே உங்கப்பன் கை! ஏண்டி, நீயும் கொஞ்ச நாள் ஊதினே இல்ல?"

"ஆமா அத்தை" என்றாள்.