குன்றுக்கு அரளி, கரைக்கு மல்லி

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் பிறந்தது. காஞ்சிபுரத்துக்கு வெளியே, கூரம் தாண்டி ஓர் ஊரில், குன்று எரிந்து கிடந்த படம். பார்த்ததும் கை பரபரத்தது. முதல் வரியும் வந்துவிட்டது:

"சித்திரை வெயிலில் குன்று பற்றி எரிந்தபோது வானமே..."

[இங்கேயே நிறுத்திவிட்டேன். தீயைப் பற்றி யார் எழுதினாலும் நன்றாகத்தான் வரும்.]

அதே ஊரின் ஏரிக்கரையில் வேப்பமரங்கள் பூச்சி விழுந்து செத்துக்கொண்டிருந்தன. அதை யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கும் சொற்கள் அளவாகத்தான் தரப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் தீக்கே கொட்டிவிட்டால் பூச்சிக்கு என்ன மிஞ்சும்?

2

வனக்குழுத் தலைவி வடிவாம்பாளுக்கு வந்த சிக்கலும் இதுதான். கல்வரப்பு கட்டி மரம் நட வந்திருந்த நிதி, ஒரே ஓர் இடத்துக்குத்தான் போதும். எரிந்த குன்றுக்கா, பூச்சி தின்ற கரைக்கா? குழு சொல்ல வேண்டும். ஊரே குன்றைத்தான் காட்டியது.

வடிவாம்பாள் குன்றேறிப் பார்த்தாள். கருகிய தூர்களில் துளிர் விட்டிருந்தது. ஆடு மாடு ஏறாமல் காத்தால் தானாகவே எழுந்துவிடும். கரைக்கு வந்து ஒரு வேம்பின் பட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே ஈரமே இல்லை. அந்த வேர்கள் பிடித்திருப்பதால்தான் கரை நிற்கிறது. பணம் கரைக்குத்தான் என்று மனம் தெளிவாகச் சொன்னது.

ஆனால் குன்றடியில் முதல் வீடு அவள் மகள் சந்தியாவுடையது. அங்கே குழித்தறி ஓடுகிறது. ஐப்பசி மழையில் மொட்டைக் குன்றின் சேறு இறங்கினால், முதலில் நிரம்புவது நெசவுக்குக் காலை விட்டு உட்காரும் அந்தக் குழிதான்.

"துளிர் வந்துச்சு துளிர் வந்துச்சுன்னு சொல்லிக்கினு இருக்கியேம்மா, அது பெருசாவறதுக்குள்ள என் தறி முழுகிப்பூடும்!" என்றாள் சந்தியா.

"கரை ஒடைஞ்சா ஊரே முழுகும்மா."

"ஊருக்கு நீ தலைவி. எனக்கு யாரு?"

வடிவாம்பாள் எழுந்து கோயில் பக்கம் நடந்தாள். நானும் அவள் பின்னாலேயே அடுத்த பகுதிக்கு நழுவுகிறேன்.

3

பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் வடிவாம்பாள்.* குன்றுக்குச் செவ்வரளி, கரைக்கு மல்லி. பொட்டலங்களை அவளே மடித்தாள். இரண்டிலும் மல்லியை வைத்தாள்.

(* அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம். கைக்கு வருவது அம்மன் வாக்கு. அப்புறம் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.)

இந்தத் தில்லுமுல்லு என் யோசனை. முதுகில் நானே தட்டிக்கொண்டேன். முதல் முடிவில் பூசாரி எடுக்கிறார், மல்லி வருகிறது, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சப்பென்று இருந்தது. இரண்டாவதில் பொட்டலங்களை ஆடு தின்றுவிடுகிறது. வெட்கக்கேடு, அடித்துவிட்டேன்.

4

மூன்றாவதில் நான் எதிர்பாராதது நடந்தது.

"நானே எடுக்கறேன்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தியா முன்னால் வந்தாள். கண்ணை மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டு, ஒரு பொட்டலத்தின்மேல் கை வைத்தாள்.

வடிவாம்பாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம்டி. ரெண்டுலயும் மல்லிதான். நான்தான் மடிச்சேன்."

கோயில் சலசலத்தது.

"ஆத்தா மேல பழி போடப் பார்த்தேன். இப்ப என் வாயால சொல்றேன். பணம் கரைக்குத்தான். மழைக்கு உன் வீட்டுல சேறு வந்தா, மொதல் கூடை நான்தான் வாருவேன்."

குழு கை தூக்கியது. கரைக்கே என்று முடிவாயிற்று. வடிவாம்பாள் செய்தது சரி. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் சந்தியா இன்னும் சன்னிதியில் நிற்கிறாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். மல்லிதான். அதைத் தலையில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் கையிலேயே திருப்பியும் கொடுக்கலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொய்யாக இருந்தன. என் வீட்டில் தறிக்குழி இல்லை.

உங்களிடம் தருகிறேன். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது, எழுதுங்கள்:

"சந்தியா அந்தப் பூவை