ஒரு பத்து நாளாத்தான், டாக்டரம்மா

…ரெண்டு மாசமெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா, ஒரு பத்து நாளாத்தான், என்கிறார் அப்பா, ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் மயக்கம் ஒரு மாசமாக இருந்தது, எஸ்.டி.டி. பூத்தைத் தாண்டி மாடியேறி வருவதற்குள் இம்புட்டுச் சரிவு, விளக்குத்தூண் பக்கம் இருபது வருஷம் சேலை விற்ற வாய் அல்லவா. நான், வித்யாஸ்ரீ, வயது பதினைந்து, பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்தவள், எடை முப்பத்தாறு கிலோ… எடையில் மட்டும் அப்பாவுக்கு வழியில்லை, மெஷின் முந்திக்கொண்டது. தூங்குகிறாளா, நல்லாத் தூங்குவாங்க. சாப்பாடு? இந்த வயசுப் பிள்ளைக கண்ணாடியப் பாத்துப் பாத்து மெலியுறதுதானே. கையில் என்ன காயம்? அடிபம்புகிட்ட வழுக்கிட்டா. அந்தப் பம்பில் தண்ணீர் வற்றி ஆறு மாசமாகிறது, காய்ந்த தரையில் வழுக்கி விழ எனக்குத் தனித் திறமை வேண்டும்.

டாக்டர் பாகீரதி எழுதவில்லை, பேனாவை மூடியபடி என்னையே பார்க்கிறார், அப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, செல்லம் கொஞ்சுகிற குரலில், எங்கள் சௌராஷ்டிர பாஷையில், மயக்கம்னு மட்டும் சொல்லு, வீட்டுக் கதை வேண்டாம் என்கிறார். கடையிலும் இப்படித்தான், கல்யாணச் சேலைக்கு வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, சிரிப்பு மாறாமல், இன்னும் எம்புட்டு இறங்கலாம் என்று சித்தப்பாவிடம் எங்கள் பாஷையில் கேட்பார், வந்தவர்கள் ஏதோ வீட்டு விசாரிப்பு என்று நினைத்து அவர்களும் சிரிப்பார்கள்… இப்போது நான் யார், சித்தப்பாவா, சேலையா? நீங்க கொஞ்சம் வெளிய இருங்க என்கிறார் டாக்டர். எங்களுக்குள்ள ஒளிவு மறைவே கிடையாதுங்களே. எங்களுக்குள்ள கொஞ்சம் இருக்கட்டும், போங்க. அப்பா எழுந்து, வாசல் வரை போய், திரும்பி நின்று, ரெண்டு வருசம் முன்ன கடை எரிஞ்சுபோச்சுங்க, தீபாவளிச் சரக்கோட, அதுலேருந்து வீட்ல யாருக்குமே மனசு சரியில்ல, அம்புட்டுத்தான் என்றுவிட்டுப் போகிறார்.

கதவு சாத்தியாயிற்று. சொல்லும்மா, வீட்ல யாரு கை நீட்டுறா, எப்பயிருந்து? எப்பயிருந்து என்றால்… ரெண்டு வருஷம் என்றால் டாக்டர் பாதியாகக் குறைப்பாரோ, நாலு என்று ஆரம்பிக்கலாமா, சீ, இங்கேயுமா. கடை போன துக்கம், அதான் அடிக்கிறார், இதை நானே என் சிநேகிதி தேவிகாவிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அவளும் பாவம்டி உங்கப்பா என்று எனக்காக அழுதிருக்கிறாள், ஆனால் அம்மாவின் நெற்றியில் அந்த மூன்று தையல், எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்தது, நான் சிலேட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டது, சிலேட்டு என்றால் ரெண்டாப்பு, ரெண்டாப்பில் எந்தக் கடை எரிந்தது? கடையில் அப்போது நிற்க இடமில்லாத கூட்டம், அந்த வருஷம்தான் அம்மாவுக்கு வளையல் எடுத்தார். அப்படியானால் இந்தத் தீயை அடிக்கு முன்னால் இழுத்துப் போட்டது யார், அப்படிச் சொல்லு என்று அப்பா வாய்விட்டுக் கேட்கக்கூட இல்லையே… சொல்லும்மா, பயப்படாத. வாயைத் திறந்தேன், கடை எரிஞ்சதுலேருந்து என்றுதான் வந்தது. டாக்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார், இருங்க என்று சொல்ல வேண்டும், அடுத்த வரிக்குப் போவதற்குள் சொல்ல வேண்டும், கதவுக்கு அடியில் அப்பாவின் செருப்பு நிழல் அசையாமல் நிற்கிறது…