கோணல் வாய்த் தாத்தா

பக்கவாதம் வந்து வாய் ஒருபக்கம் கோணிக்கொண்ட பிறகு, அப்பா யாரையும் போட்டோ எடுக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த மனுஷன். கண்ணாடி பார்க்காமல் வாசற்படி தாண்டியதே கிடையாது. இப்போது பேரப்பிள்ளைகள் போனை நீட்டினாலே துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். படம் வரைந்து பிழைக்கிற இளைய மகளுக்கு மட்டும்தான் விலக்கு. "பாப்பா வரையட்டும். வாய் எவ்வளவு நேராயிருக்குன்னு எனக்கும் தெரியணும்ல" என்பார். பாப்பாவுக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்தது, அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்காருவார். அவள் பென்சிலால் வரைவாள். போன வாரத்துப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்து, "இப்ப தேவலை" என்று இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்வார்கள்.

இதுவரை ஒரு தப்பும் இல்லை. தப்பு நடந்தது அவளுடைய மேசையில்.

போனில் அனுப்புகிற ஸ்டிக்கர் செய்யும் கம்பெனி ஒன்று, பார்த்ததும் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு கிழவரைக் கேட்டிருந்தது. விதவிதமான கிழவர்களை அனுப்பிப் பார்த்தாள். ஒருவரும் தேறவில்லை. கெடு முடிகிற நாளில் கை தானாக அப்பாவின் படத்தை எடுத்தது. 'தானாக' என்பது அவள் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொண்டது.

ஸ்கேன் செய்தாள். டேப்லெட்டில் பென்சில் கோடுகளை மங்கலாக்கி, மேலே கண்ணாடித்தாள் விரித்த மாதிரி புது லேயர் போட்டு, கறுப்புக் கோட்டால் இழுத்தாள். வரையும்போது மனசு கலங்கிக் கை நடுங்கிய இடங்களையெல்லாம் ஆப் வழவழப்பாக்கிவிட்டது. கண்ணுக்குக் கீழிருந்த சோர்வை விட்டுவிட்டாள்; சின்ன அளவில் அழுக்கு மாதிரி தெரியும். மீசையை எடுத்தாள், மூக்கைப் பெரிதாக்கினாள். இனி யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது?

"சூப்பர் மேடம்! வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் கோணலா இருந்தா அள்ளிடும்" என்றாள் கம்பெனிக்காரி. பாப்பா உதட்டின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கோணல் வாய்த் தாத்தா சக்கைப்போடு போட்டார். ஒருநாள் அவளுடைய அண்ணனே, ஒன்றும் தெரியாமல், குடும்பக் குரூப்பில் அதைத் தட்டிவிட்டான். ஆளாளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் அந்தக் குரூப்பில் இருந்தார். அவர் மட்டும் எதுவும் போடவில்லை.

அப்பா கண்டுபிடித்திருப்பாரோ, மாட்டாரோ? கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனாள். அப்பா ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்தத் தாத்தா படம்..."

"நீ போட்டதுதானே? உன் கை எனக்குத் தெரியாதா?" குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "ஊரே அனுப்புதாமே. அண்ணன் சொன்னான்."

"தப்பு பண்ணிட்டேன்ப்பா. எடுக்கச் சொல்லிடுறேன்."

"எதுக்கு? சும்மா உக்காந்திருக்கிறவன், உனக்கு இதுக்காவது ஆனேனே. இன்னும் வேணும்னு கேப்பாங்கல்ல? இரு, வேற மாதிரி ஒண்ணு தரேன்."

முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நேராக்குவதற்குப் படாத பாடு பட்ட வாயை, கன்னம் துடிக்க, வேண்டுமென்றே இன்னும் கீழே இழுத்தார். அப்படியே ஆடாமல் அசையாமல் இருந்தார்.

அவள் பென்சிலைத் தொடவில்லை. அவமானத்தில் தலை நிமிராமல் நின்றாள். உதட்டோரம் எச்சில் திரண்டு தாடையில் வழிந்தது. இழுத்துப் பிடித்த வாயை விடாமலே அப்பா குழறினார்.

"வரைஞ்சிட்டியாம்மா? தொடச்சுக்கட்டுமா?"