கட்டிலடியில் ஐஸ் கட்டி

எங்கள் வரிசை வீடுகளுக்கு ஐஸ் கட்டி வருவது இரண்டு காரியத்துக்குத்தான். கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு. அந்த மாசி மாதம் காஜா பெராங்கில் ஒரு கல்யாணமும் கிடையாது. ஐஸ்காரச் சீனனின் தள்ளுவண்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது. சக்கரச் சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். வண்டி எந்த வீட்டு முன்னால் நிற்கிறதோ அந்த வீட்டுக்கு அழுதுகொண்டே போவார்கள். யார் செத்தது என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏற்றிய மறு வருடம் அது. புக்கிட் ரம்பாய்க்கு அந்தப் பக்கம் சதுப்புக் காட்டை வெட்டிக் கொளுத்தினார்கள். மேலே எரிந்தது அணைந்துவிட்டது. மண்ணுக்குள் இறங்கிய தீ அணையவில்லை. சுவாலை இல்லை, சத்தம் இல்லை, தரை மட்டும் புகைந்தது. மழையும் பொய்த்துவிட்டது. நடுப்பகலில் சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம், வெற்றிலை எச்சில் மாதிரி சிவந்து கிடக்கும். காக்கைகள் கத்துவதை எப்போது நிறுத்தின என்று யாருக்கும் தெரியாது. வயதானவர்கள் செத்தார்கள், கைப்பிள்ளைகள் செத்தார்கள். சாவு எழுதும் கிராணி முதுமை என்று எழுதினார், மாரடைப்பு என்று எழுதினார், ஜன்னி என்று எழுதினார். புகை என்று எவனாவது எழுதினானா? வெயில் என்று எழுதினானா?

ஊர் வேறு காரணம் வைத்திருந்தது. உச்சி வேளையில் வாசலில் ஓர் இருமல் கேட்குமாம். எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காதாம். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் ஓர் உயிர் போய்விடுமாம். அதனால் ஜன்னலையெல்லாம் அடைத்து, இடுக்கில் துணி திணித்து, உள்ளே சாம்பிராணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அட போங்கடி, ஊரே இருமிக்கிட்டுக் கிடக்குது. இதுல பேய் இருமல் எது, மனுசன் இருமல் எதுன்னு எவளுக்குத் தெரியும்?" என்று நான் வாயடித்தேன். சிவகாமசுந்தரிக்கு நாக்கு நீளம் என்று சொல்வார்கள். ஆமாம், நீளம்தான்.

அன்று உச்சி வேளையில் எங்கள் வாசலில் இருமல் கேட்டது.

வறண்ட இருமல். பலகைக் கதவுக்கு வெளியே, மிக அருகில். கதவைத் திறந்தேன். புகை நின்றது. எதிர் வீடு தெரியவில்லை. செம்மண்ணில் ஒரு காலடிகூட இல்லை. என் கழுத்து மயிர் நட்டுக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன். "எவன்டா அது, தைரியம் இருந்தா முன்னால வா!" என்று கத்தினேன். கதவைச் சாத்திவிட்டு நேரே உள்ளறைக்கு ஓடினேன்.

உள்ளே என் தம்பி கருணாகரனின் மனைவி மல்லிகா படுத்திருந்தாள். பிள்ளை பெற்று இரண்டு வாரம் ஆகவில்லை. பெண் குழந்தை. கட்டிலுக்குக் கீழே கரிச்சட்டியில் கங்கு கனன்றது. பிள்ளை பெற்றவள் உடம்பை அப்படித்தான் காய வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மருத்துவச்சி நாகம்மா அதற்கு மேல் சாம்பிராணியும் தூவியிருந்தாள். ஜன்னல் அடைத்திருந்தது. அறை வெந்துகொண்டிருந்தது.

பிள்ளை அழவில்லை. பால் குடிக்கவில்லை. தொட்டால் சட்டி மாதிரி சுட்டது. உதடு காய்ந்து, கண் பாதி மூடி, குட்டி நெஞ்சு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது.

"காலையிலேருந்து இப்படித்தான் இருக்கு அண்ணி" என்றாள் மல்லிகா.

கரிச்சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக் கொல்லையில் வீசினேன்.

"ஐயோ, பாவி மகளே! பச்ச உடம்பு! குளிர் புடிச்சு ஜன்னி வந்துச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்று நாகம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"உள்ள வேகுறது போதும், வாய மூடு. நான் பதில் சொல்றேன்."

ஜன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து புகைதான் வரும். கோணிச்சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். போதவில்லை. அப்போதுதான் தெருவில் அந்தச் சக்கரச் சத்தம். யோசிக்கவில்லை, ஓடிப்போய் வண்டியை மறித்தேன்.

"சியாப்பா மாத்தி?" என்றான் ஐஸ்காரன். யார் செத்தது என்று மலாயில் கேட்டான். பாவம், வழக்கமாகக் கேட்பதுதான்.

"பெலும்" என்றேன். இன்னும் இல்லை. சொன்ன பிறகு என் வாயையே எனக்கு அடிக்கத் தோன்றியது.

மரத்தூள் ஒட்டிய பெரிய கட்டியை இருவருமாகத் தூக்கி வந்து, துவைக்கிற தொட்டியில் வைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளினோம். அதைப் பார்த்ததும் மல்லிகாவின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, யாருக்கு இது? எனக்கா, பிள்ளைக்கா?" என்று என் கையைப் பிடித்தாள். "உசிரோட இருக்கிறவங்களுக்குடி" என்றேன். அவள் நம்பவில்லை. பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் வாசலில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. வண்டி எங்கள் வீட்டில் நின்றதைப் பார்த்தவர்கள் வந்துவிட்டார்கள். "யாரும் சாகல, போங்க!" என்று கத்தினேன். யாருக்குக் காது கேட்டது? கூடம் நிறைந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு இருமினார்கள், இருமிக்கொண்டு அழுதார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அழுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வீட்டுப் பொன்னுதுரை அழக்கூட நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்து பெரெண்டாமுக்குப் பறந்திருக்கிறான். கருணாகரன் மர லோரி ஓட்டுகிறவன். எரிகிற காட்டுக்குள் போய் மரம் ஏற்றி, பத்து பெரெண்டாம் மர ஆலையில் இறக்குவான். வாரக்கணக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறவன். "ரெண்டு நாள் வீட்ல கெடடா" என்றால் சிரிப்பான். அவனிடம் போய்ப் பொன்னுதுரை சொன்னது ஒரே வார்த்தை: "ஒன் வீட்டுக்கு ஐஸ் வந்திருச்சு."

லோரியில் பாதி மரம் இறங்காமல் கிடந்தது. கருணாகரன் காத்திருக்கவில்லை, சைக்கிளில் ஏறிக்கொள்ளவும் தோன்றவில்லை. அந்த வெயிலில், அந்தப் புகைக்குள், வீடுவரை ஓடிவந்தான்.

மறுபடியும் வாசலில் அந்த வறண்ட இருமல் கேட்டது. கூடத்தில் அழுதவர்கள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். இந்த முறை ஆள் இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான் என் தம்பி. முகம் சாம்பல் நிறம். உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. "எது?" என்றான். பிள்ளையா, மல்லிகாவா என்று கேட்கிறான்.

"ரெண்டு பேரும் இருக்காங்கடா!"

அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அப்படியே நிலைப்படியில் சரிந்தான். தண்ணீர் ஊற்றினோம், நெஞ்சைத் தேய்த்தோம். கண் திறக்கவே இல்லை. என் கையால் வளர்த்த பிள்ளை அவன். அடிவயிறு கிழிவது போல் அலறினேன்.

வரிசையில் சாவுக் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர் அப்பாசாமி. அவர்தான் முதலில் பேசினார். "இவன் தம்பி வேலாயுதம் சிங்கப்பூர்லேருந்து வரணும். அண்ணன் மொகத்தப் பாக்காம எடுக்க முடியாது. இந்தச் சூட்டுல ஒடம்பு தாங்காது. உள்ள இருக்கிற ஐஸை எடுத்துட்டு வாங்கப்பா." ஐஸ்காரன் வண்டியில் அன்று அதுதான் கடைசிக் கட்டி.

இரண்டு பேர் உள்ளறைக்கு வந்தார்கள். நான் முந்திக்கொண்டு ஓடிக் கதவை மறித்து நின்றேன். "தொட்டா கைய ஒடிப்பேன்."

"பைத்தியமா உனக்கு? கூடப் பொறந்தவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?" என்றார் அப்பாசாமி. கூடம் முழுவதும் என்னைத் திட்டியது. நான் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. வெளியே என் தம்பி வெறுந்தரையில் கிடந்தான்.

பின்னால் கட்டில் அசைந்தது. மல்லிகா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் பேசியதெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. அவள் அழவில்லை.

"விடாதீங்க அண்ணி" என்றாள். "அவருக்கு இனிமே சுடாது."

பிள்ளையை எடுத்து மார்பில் போட்டாள். அது வாயைத் திறந்து தேடியது.