எட்டு மணிக் கையெழுத்து

நாற்பது நாளாக எனக்கு மில்லில் ஒரே வேலைதான். காலை எட்டு மணிக்கு கேட்டில் நின்று நோட்டில் கையெழுத்துப் போடுவது. மின்வெட்டு என்று சொல்லி, பின்பக்கத்து ஷெட்டைப் பூட்டி, முப்பத்திரண்டு பேரை லே-ஆஃப் செய்திருந்தார்கள். தினமும் வந்து கையெழுத்துப் போட்டால் அரைச் சம்பளம். தவறினால் அதுவும் போச்சு. "கரண்டு சரியானதும் சர்வீஸ் வரிசையிலதான் கூப்பிடுவாவ அண்ணாச்சி. நீங்க ஆறாவது ஆளு" என்பார் டைம் கீப்பர் ராமசுப்பு. பதினாலு வருஷம் ஏழாம் நம்பர் நூற்பு ஃபிரேமில் நூல் ஓட்டியவன் நான். அந்த ஆறாவது ஆள் என்ற பேச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தானதும் எட்டரை பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவேன். என் மனைவி ஆறுமுகத்தாய் மூன்று வாரமாகத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் கிளம்பிய பிறகு ஊருக்கு வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்.

அன்றைக்கு ஓட்டப்பிடாரம் தாண்டியதும் பஸ் டயர் வெடித்துவிட்டது. மில்லுக்கு வந்து சேரும்போது ஒன்பதரை.

"நோட்டு ஆபீசுக்குப் போயிட்டு அண்ணாச்சி. நாளைக்கு வாங்க" என்றார் ராமசுப்பு. என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு அவசரம். நாற்பது நாளில் ஒரு நாள் பிந்தியதற்கு இவ்வளவு கறாரா என்று எனக்கு ஆத்திரம். சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று மதிலைச் சுற்றிப் பஞ்சு கோடவுன் வழியாகப் போனேன்.

அங்கே போனதும் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. எங்கள் ஷெட் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு வேன் நின்றது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். கரண்டு வந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ கூப்பிட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் ஃபிரேமுக்கு ஃபிரேம் பெண்கள். ஒருத்தரும் மில் ஆள் இல்லை. அப்போதுதான் புரிந்தது. எட்டு மணிக்கு எங்களிடம் கையெழுத்து வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒன்பது மணிக்கு இவர்களை இறக்கியிருக்கிறார்கள். நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்ததுதான் நாங்கள் செய்த பிசகு.

கால் தானாக ஏழாம் நம்பருக்குப் போனது. அங்கே நின்றவள் ஆறுமுகத்தாய்.

அவள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் செத்துப்போனது. நான் வாயைத் திறப்பதற்குள் கண்டிராக்ட் மேஸ்திரி சாமித்துரை ஓடி வந்தார்.

"யாருய்யா நீ? லே-ஆப் ஆளா? இங்கன ஒனக்கு என்ன சோலி? எவளையாவது தேடி வந்தியா?" என்று காதருகே கத்தினார். "மில்காரன் வீட்டுப் பொம்பளைய ஒருத்தியக்கூடச் சேக்கலைய்யா நான். அப்படி ஒருத்தி இருந்தா இப்பமே வெளிய தள்ளிருவேன்." சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இவர ஒனக்குத் தெரியுமா?"

அவள் தலையை ஆட்டினாள். தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஃபிரேமில் ஒரு இழை அறுந்தது. பதினாலு வருஷப் பழக்கம், என் கை தானாக நீண்டது. அவள் கையும் நீண்டது. என் கையைத் தட்டிவிட்டாள்.

இயந்திரச் சத்தத்தில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவர்கள் நாங்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல், வழியில் போகிற யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"மிசின்ல கை வைக்காதிய, அண்ணாச்சி."

கட்டின புருஷனை அண்ணாச்சி என்றாள். சாமித்துரை என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார். திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். முதல் தடவை இழை ஒட்டவில்லை. இரண்டாம் தடவை ஒட்டியது. ஏழாம் நம்பர் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.