நாச்சம்மாள் பிடித்த மூச்சு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு இழுத்துப் பிடித்த மூச்சை நாச்சம்மாள் வெள்ளிக்கிழமை ஆகியும் விடவில்லை. விடச் சொல்ல வேண்டியவர் ஸ்கேன் எடுக்கும் கதிர்வேல். கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்துகொண்டு, படம் இன்னும் முடியவில்லை என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், கல்லீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. ரத்தக்குழாய்கள் சுருண்டு உண்டான சாதுக் கட்டியாக இருக்கலாம், வேறு மாதிரியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். கையில் ஏற்றிய மருந்து கட்டியின் ஓரத்தில் தொடங்கி நடு வரை நிரம்பினால் பயமில்லை. அதற்குள் மூச்சு விட்டால் படம் ஆடிவிடும். முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

புதன்கிழமை ஓரம் நிரம்பியது. வியாழக்கிழமை பாதி. நாச்சம்மாளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. செத்துவிடுவோம் என்று பயந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு தடவை மூச்சு விட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று நினைத்தாள். பேசினால் மூச்சு போய்விடும். அதனால் இன்னும் எத்தனை நேரம் என்று டோக்கன் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்.

"பத்து நிமிசந்தானுங்க அம்மிணி," என்று கதிர்வேல் மைக்கில் சொன்னார். செவ்வாய்க்கிழமையும் அதையேதான் சொல்லியிருந்தார்.

சொந்தக்காரர்கள் சாத்துக்குடியும் பன்னும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். ஸ்கேன் மெஷினின் வளையத்துக்குள் கிடந்தவளைப் பார்க்க வசதிப்படவில்லை. திரையில் கட்டியைப் பார்த்தார்கள். நாத்தனார் அதற்கு நெட்டி முறித்து, முன்னைக்கு இப்போது களை வந்திருக்கிறது என்றாள். கணவர் சென்னியப்பன் வந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னார். கட்டி சாதுவாக இருந்துவிட்டால் மலைக்கு நடந்தே வருவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நடுவும் நிரம்பியது. டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"ஒரு தொந்தரவும் இல்லீங்க. சாதுக் கட்டி. இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்."

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். நாச்சம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. அவள் கதிர்வேலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிர்வேல் கட்டியைக் கூட்டிவந்து சென்னியப்பன் முன்னால் நிறுத்தினார். ரிப்போர்ட் உறையை அதன் கையில் கொடுத்தார். வாசலில் கழற்றிவைத்திருந்த நாச்சம்மாளின் செருப்பு அதற்குச் சரியாக இருந்தது.

"அப்ப எங்கூட்டுக்காரிங்க?" என்றார் சென்னியப்பன்.

"அவங்களப் பத்தி ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லீங்க," என்றார் டாக்டர். "அவங்க எப்படின்னு இனித்தான் பாக்கோணும்."

நியாயம்தான் என்று சென்னியப்பனுக்கும் பட்டது. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி, கட்டியின் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

சன்னல் வழியாக ஸ்கூட்டர் தெரிந்தது. நாச்சம்மாள் பார்த்தாள். நாலு நாள் மூச்சும் ஒரே சொல்லாக வெளியே வந்துவிட்டது.

"ஏனுங்க."

"அசைஞ்சு போட்டீங்க அம்மிணி," என்றார் கதிர்வேல். "மறுக்கா மொதல்ல இருந்து. மூச்ச இழுத்துப் புடிச்சுக்குங்க."

சென்னியப்பனுக்குக் கேட்கவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். கட்டி மட்டும் திரும்பிப் பார்த்தது. பிறகு பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.